மலையேறாத வேம்பு

பற்சூத்தை எவ்வாறு உண்டாகிறதென 1890இல் தம் நூலில் விளக்கியவர், பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல்வைத்தியர் மில்லர். வாயிலுள்ள கிருமிகள் மாவையும் சீனியையும் அமிலமாக்க, அவ்வமிலம் பல்லை அரிக்கிறது. அக்கிருமிகளுள் முக்கியமானதை 1924இல் இலண்டனில் கிளார்க் கண்டு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் எனப் பெயரிட்டார். வேம்பின் சாறு அதன் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வுகூடங்கள் பின்னரே கண்டன. கிருமியின் பெயரறியாமலே நம் முன்னோர் குச்சியை மென்றனர்.

ஆனால் கோப்பிக்கும் தேயிலைக்குமாக அவர்கள் மடுல்கெல்லை மலையேறியபோது மரம் உடன் வரவில்லை. வேம்பு வறண்ட நிலத்துக்குரியது, குளிர்மலையில் செழிக்காது. லயங்களில் அடுப்புக்கரி அதன் இடத்தைப் பிடித்தது. கரி அழுக்கை நீக்கும், பல்லின் மேலோட்டையும் தேய்க்கும். வெற்றிலையோடு சேர்ந்த புகையிலையோ வாய்ப்புற்றுக்கே வழி.

மூத்தோர் ஆலும் வேலும் என்னும் பழமொழியை இன்றும் சொல்கின்றனர். அதிலுள்ள வேல் வேம்பன்று, கருவேல் என்பதை நம்மிற் பலர் அறியோம். அம்மரத்தை நாம் கண்டதில்லையே!