துண்டும் சத்தியக்கடதாசியும்: மலையகத்தில் தாளின் ஆட்சி

மலையகத் தமிழரின் வரலாற்றைத் தேயிலையின் வரலாறாக எழுதுவது நமது வழக்கம். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, கங்காணி ஆள் கட்டினான், மன்னார்க் காட்டுவழியில் மக்கள் மாண்டார்கள் என்று அது தொடரும். அதில் பிழையில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்து அட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று அலைந்தவன் என்ற வகையில், எனக்கு அந்த வரலாறு ஒரு தாள்கட்டாகவே தெரிகிறது. எந்த லயத்துக்குப் போனாலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் சேலை நகை எதுவும் இராது. மஞ்சள் படிந்த விண்ணப்பப் பிரதிகளும், பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகளும், எழுத்தழிந்த சத்தியக்கடதாசிகளும் பொலித்தீன் உறையில் சுற்றப்பட்டிருக்கும்.

அரச சேவையில் இலஞ்சம் என்றவுடன் மேசைக்கடியில் நீளும் கையையே நினைக்கிறோம். மலையகத்தில் அந்தக் கை பின்னால்தான் வந்தது. முதலில் வந்தது தாள். இன்னொருவர் பெட்டியில் பூட்டிக் கிடக்கும் தாளைக் கொண்டுவா என்று ஏழையிடம் கேட்கும் சட்டம் வந்தது. அந்த இடைவெளியில்தான் தரகன் கடை விரித்தான்.

இதன் முதல் வடிவம் 'துண்டு'. புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் இளைய வாசகர்களுக்கு இச்சொல் புதிதாக இருக்கலாம். ஒரு கங்காணியும் அவனுடைய ஆட்களும் தோட்டம் மாற விரும்பினால், இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடனோடு சேர்ந்து ஆளும் கைமாறினான். தன் பெயரில் எவ்வளவு கடன் எழுதப்பட்டிருக்கிறது என்பது தொழிலாளிக்குப் பெரும்பாலும் தெரியாது. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற ஒழுங்கு ஒழியவில்லை. தொழிலாளியின் வாழ்வுக்கான சாட்சியம் தோட்டத்துக் காரியாலயத்திலேயே தங்கியது. பெயர் செக்ரோலில் இருந்தது. பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் பொறுப்பு துரையிடம் இருந்தது. கடிதமும் அவருடைய காரியாலயத்துக்கே வந்தது.

சுதந்திரத்துக்குப் பின்னர் இந்த ஒழுங்கின் மீதுதான் பிரஜாவுரிமைச் சட்டம் ஏற்றி வைக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். பூட்டன் காலத்துப் பிறப்புப் பதிவை யார் காட்ட முடியும்? கொழும்பில் அச்சட்டத்துக்குக் கை உயர்த்திய கனவான்களில் எத்தனை பேர் தம் பூட்டனின் சான்றிதழைக் காட்டியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் கதவைச் சற்றுத் திறப்பதுபோலத் தோன்றியது. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடைவிடாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும். அதன் பின்னரும் விண்ணப்பிக்கும் நாள் வரை வசிப்பு அறுபடக் கூடாது. ஒரு தடவையில் 12 மாதங்களுக்கு மேல் வெளியே இருந்திருந்தால் வசிப்பு அறுந்துவிடும். நிலையான வருமானம் காட்ட வேண்டும். மனைவியும் பராயமடையாத பிள்ளைகளும்கூட இங்கேயே இருந்ததை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம்; 1951 ஓகஸ்ட் 5 கடைசி நாள்.

இவ்விடத்தில் தலைமையின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 1947 பொதுத்தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்றிருந்த இலங்கை இந்தியன் காங்கிரஸ், விண்ணப்பிக்க வேண்டாம் என்றே முதலில் கூறியது. பிறப்புரிமையை மனுப் போட்டுக் கேட்பதா என்ற அந்த வாதம் கொள்கையளவில் சரியானதே. ஆனால் மனம் மாறி மக்களை விண்ணப்பிக்கச் சொன்னபோது அவகாசத்தின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. கடைசி மாதங்களில் தொழிற்சங்கக் காரியாலயங்களில் இரவு பகலாகப் படிவங்கள் நிரப்பப்பட்டன. சுமார் 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள். அவற்றில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கும் அதிகம். அவசரத்தில் எழுதப்பட்ட ஒவ்வோர் எழுத்துப் பிழையும் பிற்பாடு விசாரணை மேசையில் முரண்பாடாக மாறியது.

பெயர் விவகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கருப்பையா என்பவரின் பெயரை ஒரு தோட்டத்துக் கிளாக்கர் ஆங்கிலத்தில் 'சி' போட்டுத் தொடங்குவார். அடுத்த தோட்டத்துக் கிளாக்கர் 'கே' போட்டுத் தொடங்குவார். பிறப்புப் பதிவில் பெயரே இல்லாமல் 'ஆண் பிள்ளை' என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயர் ஒரு தாளில் ராமன், இன்னொன்றில் ராமசாமி. விசாரணை அதிகாரியின் பார்வையில் இவர்கள் நான்கு பேர். தானும் தன் தகப்பனும் ஒரே ஆட்கள்தாம் என்பதை மனுதாரர் நிரூபிக்க வேண்டும். அதற்குத் தேவையான செக்ரோல், கைவிட்டுப் போன பழைய தோட்டத்தில் கறையானுக்கு இரையாகியிருக்கும்.

ஊருக்குப் பணம் அனுப்பியதும் குற்றமாயிற்று. திருச்சி மாவட்டத்தில் முதிய தாய்க்கு மணியோடர் அனுப்பியவர், இலங்கையில் நிரந்தரமாக வாழும் எண்ணமில்லாதவர் என்று கருதப்பட்டார். இன்று கனடாவிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் ஊருக்குப் பணம் அனுப்பும் வாசகர்கள், அதே அளவுகோலைத் தங்கள் மீது ஒருகணம் வைத்துப் பார்க்கலாம். அது வெறும் கற்பனையுமல்ல. பிரித்தானியாவில் 'விண்ட்றஷ்' தலைமுறையைச் சேர்ந்த கரிபியன் முதியவர்கள் பல தசாப்த வசிப்பை ஆண்டுக்காண்டு தாளில் நிரூபிக்கும்படி கேட்கப்பட்டதும், அவர்கள் வந்திறங்கிய பதிவட்டைகளை உள்துறை அமைச்சே 2010இல் அழித்திருந்ததும் 2018இல் பெரிதாக வெடித்தன. சான்றைத் தன்னிடம் வைத்திருந்து, பின் அதை இல்லாமலாக்கி, பிறகு அதையே கேட்பது எல்லா அரசுகளுக்கும் கைவந்த கலை.

1964க்குள் இந்தச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர்தாம். வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டதை எதிர்த்து ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்து கோமறைக் கழகம் வரை சென்ற வழக்கும் 1953இல் தோற்றது. 1947க்குப் பிறகு மலையகத்திலிருந்து ஒருவர் தேர்தலில் நின்று வென்று நாடாளுமன்றம் செல்ல 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி அந்தக் கைக்கு வருவோம். இலங்கையின் இலஞ்சச் சட்டம் 1954இல் நிறைவேறியது. மலையகத்தில் பிரஜாவுரிமை விசாரணைகள் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில். அச்சட்டப்படி வாங்குபவர் மட்டுமல்லர், கொடுப்பவரும் குற்றவாளி. நாடற்ற ஒருவன், தகப்பன் பெயரைத் திருத்தித் தரும்படி ஒரு மாதச் சம்பளத்தை 'சந்தோசம்' என்ற பெயரில் கொடுத்தால், அவன் யாரிடம் முறையிடுவான்? முறைப்பாடே குற்ற ஒப்புதல் ஆகிவிடுமே. ஓய்வு பெற்ற ஒரு தோட்டத்துக் கிளாக்கர் பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சொன்னார்: "தம்பி, காசு வாங்கினவங்கள நாங்க பெரிசாத் திட்டல. வாங்கினவன் வேலைய முடிச்சுக் குடுத்தான். வாங்காதவர் சட்டத்தப் பாத்தார். பைல் திரும்பி வந்துச்சு." நேர்மையான அதிகாரிகள் பலர் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் மனுதாரன் தோற்றே தீர வேண்டும் என்று எழுதப்பட்ட சட்டத்தின் முன், அந்த நேர்மை ஏழைக்கு உதவவில்லை. அரச ஊழலைப் பற்றி எழுதும் நாம் தனிமனித ஒழுக்கத்தோடு நின்றுவிடுகிறோம். விதியை எழுதியவர்களின் பெயர் அதில் வருவதே இல்லை.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பிரித்தார்கள். எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எவரிடமும் கேட்கவில்லை. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்கள் ஒதுக்கீட்டைவிட மிக அதிகமாக இருந்தார்கள்.

இதில் கொடுமையானது அந்த 7க்கு 4 என்ற விகிதம். ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால்தான் நான்கு பேருக்கு இங்கே உரிமை. பொகவந்தலாவையில் இருக்கும் ஒருவரின் கோப்பு, முன்பின் தெரியாத யாரோ ஒரு குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறுவதற்காகக் காத்திருந்தது. அந்தக் குடும்பமோ ஊழியர் சேமலாப நிதிப் பணமும் சேவைக்காலப் பணமும் கைக்கு வரவில்லையே என்று காத்திருந்தது. அப்பணம், தோட்டத்துக் காரியாலயத்திலிருந்து ஒரு கடிதம் வரவில்லை என்பதற்காகக் காத்திருந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைச் சான்றிதழும் வந்த கதைகளை மலையகத்தில் எவரிடமும் கேட்கலாம்.

1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றிருந்தும் போக முடியாமற் போனவர்கள் சுமார் 84 ஆயிரம் பேர். பிறந்த தோட்டத்திலேயே விசா முடிந்த வெளிநாட்டவராக அவர்கள் கொழுந்து பறித்தார்கள்.

1986 ஜனவரியில் தொண்டமானின் பிரார்த்தனை இயக்கத்துக்குப் பிறகு காற்று திசை மாறியது. அவ்வாண்டுச் சட்டத்தையும் விஞ்சியது 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம். இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை என்று ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தால் போதும், அவர் இலங்கைப் பிரஜை. விசாரணையோ பூட்டனோ தேவையில்லை. ஆனால் நடந்தது என்ன? சத்தியக்கடதாசியை நீட்டியவரிடம் பொலிஸ் நிலையத்திலும் அரச காரியாலயங்களிலும் "சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார்கள். சட்டம் சான்றிதழே வேண்டாம் என்றது. கவுன்டருக்குப் பின்னால் இருந்தவர் சான்றிதழின்றி அசையவில்லை. அது அவசரகாலச் சட்டமும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் கோலோச்சிய காலம். அடையாள அட்டை இல்லாமல் கொழும்புக்கு வேலைக்குப் போன மலையக இளைஞன் சோதனைச் சாவடியில் இறக்கப்பட்டான். அவனுடைய அட்டை விண்ணப்பத்தில் தோட்டத்துரையின் கையொப்பம் இல்லை என்பது துப்பாக்கி வைத்திருந்தவருக்கு ஒரு காரணமாகத் தோன்றவில்லை.

பிறகு 2003 வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியினரும் பிரஜைகள் என்று நாடாளுமன்றம் ஒருமனதாகச் சட்டம் நிறைவேற்றியது. இந்தியக் கடவுச்சீட்டோடு தேங்கியவர்களும் ஒரு பிரகடனத்தின் மூலம் உரிமை பெற வழி செய்யப்பட்டது. ஐ.நா. அகதிகள் ஆணையமும் தொழிற்சங்கங்களும் தொண்டர்களும் துணைநிற்க, நடமாடும் சேவைகள் மலையகமெங்கும் நடத்தப்பட்டன. பத்து நாட்களில் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேருக்குப் பத்திரங்கள் வழங்கப்பட்டதாக அகதிகள் ஆணையம் அறிவித்தது. 55 ஆண்டுகள் முடியாதிருந்தது பத்து நாட்களில் முடிந்தது. அதிகாரிகள் அதே அதிகாரிகள்; மலையும் மழையும் அதே. கேட்கப்பட்ட தாள் மட்டும் மாறியிருந்தது. அந்த ஐம்பத்தைந்து ஆண்டுத் தாமதத்துக்கு ஆளணிப் பற்றாக்குறை, மொழிப் பிரச்சினை, ஆவணக் குறைபாடு என்று எனக்குச் சொல்லப்பட்ட விளக்கங்கள் எதையும் அதன் பிறகு நான் நம்புவதில்லை.

பிரஜாவுரிமை கிடைத்தாலும் கவுன்டர் மாறிவிடவில்லை. நுவரெலியா மாவட்டம் முழுவதற்கும் நீண்ட காலம் ஐந்தே பிரதேச செயலகங்கள். நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டில் மட்டும் தலா இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். பொகவந்தலாவை மேற்பிரிவிலிருந்து ஒரு பிறப்புப் பதிவுப் பிரதிக்காக கினிகத்தேனைக்குப் போகும் தாய், ஒரு நாள் பேரை இழந்து பஸ் ஏறுகிறாள். எழுத்தர் விடுமுறை என்றால் இன்னொரு நாள் பேரும் போயிற்று. வாசலில் நிற்கும் தரகர் இருநூறோ முந்நூறோ கேட்டால், அவள் கணக்குப் போட்டுப் பார்த்துக் கொடுத்துவிடுகிறாள். அவள் கணக்கில் தவறு காண என்னால் முடியாது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவோ தோட்டத்துக்குள் சபை பணம் செலவிடத் தடையாக இருந்தது. மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர், அவர்களுடைய லயத்துப் பாதையில் ஒரு கல் போட முடியாதிருந்தார். அது திருத்தப்பட்டது 2018இல்.

2023இல், இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் காணியும் கூலியும் இருந்தன. அரச சேவைகளைச் சமமாகப் பெறும் உரிமையும் இருந்தது. ஏனைய நாட்டவருக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றலாம். லயத்து வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருந்தான் முகவரி; கடிதங்கள் தோட்டத்துக் காரியாலயத்துக்கு மொத்தமாக வந்து சேரும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்த மறுவாரம் கையில் கிடைத்த பிள்ளைகளை நான் சந்தித்திருக்கிறேன். அந்தக் கடிதங்களையும் அவர்கள் வீசிவிடவில்லை. வீட்டுத் தகரப் பெட்டியில், பாட்டனின் 1951ஆம் ஆண்டு விண்ணப்பப் பிரதியோடு சேர்த்து வைத்திருந்தார்கள்.