காவலுக்குச் செலவு யார் தலையில்?

கோலியனூர் கூட்டுரோட்டில் பாண்டிச்சேரி பஸ்சுக்காக நின்றிருந்தபோது, டீக்கடையில் ஒரு ரிடையர் ஆன போலீஸ்காரரோடு பேச்சு வளர்ந்தது. வேலை எப்படி இருந்தது என்று கேட்டேன். "எட்டு பேரு பாக்க வேண்டிய வேலைய நாலு பேரு பாத்தோம் தம்பி. நாலு பேரு சம்பளம் கவர்மென்ட்டுக்கு மிச்சம். எங்களுக்குப் போனது தூக்கம்" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டினேன். நம்ம தென்பெண்ணைப் பக்கத்தில் இந்த மிச்சக் கணக்கு எண்ணூறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் அடிக்கடி வரும். ஊரைக் காப்பதற்காக ஊரார் கொடுக்கும் வரி அது. 12ஆம் நூற்றாண்டு வாக்கில் திருமுனைப்பாடிப் பகுதியில் இந்தக் காவல் உரிமை காடவராயர்கள் கைக்குப் போனது. அரசுக்குச் சுமை குறைந்தது. காவல் கூலியும் ஆள்பலமும் உள்ளூர்த் தலைவர்களிடம் சேர்ந்தன. அந்தக் குடும்பத்தில் வந்த கோப்பெருஞ்சிங்கன் 13ஆம் நூற்றாண்டில் சோழ மன்னன் மூன்றாம் இராசராசனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். போசளப் படை வந்து மீட்ட கதையைக் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் கல்வெட்டு சொல்கிறது. சோழன் வீழ்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும், காவலை வெளியாளிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது கம்பெனிக் காலம். 1801ல் தென்னார்க்காடு கம்பெனி வசம் வந்தது. அதற்கு முன் ஊர்களில் காவல்காரர்கள் இருந்தார்கள். திருட்டுப் போனால் பொருளைக் கண்டுபிடிக்கணும், இல்லாவிட்டால் ஈடு கட்டணும் என்பது அவர்களுக்கான ஏற்பாடு. 1816ஆம் ஆண்டுச் சட்டம் போலீஸ் வேலையைக் கலெக்டர், தாசில்தார், கிராமத் தலைவர் என்று வருவாய்த்துறை ஆட்களிடமே ஒப்படைத்தது. தனிப் போலீஸ் இல்லை, தனிச் செலவும் இல்லை. கேட்க நல்ல சிக்கனம்தான். ஆனால் வரி வசூலிக்கிறவனும் போலீஸும் ஒரே ஆள் என்றால், வரி கட்டாத குடியானவன் எங்கே போய்ப் புகார் கொடுப்பான்?

விளைவு 1855ல் அச்சேறியது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த கமிஷனின் அறிக்கை அது. வரி பாக்கிக்காக விரல்களைக் 'கிட்டி'யில் வைத்து நெரித்ததெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. மிச்சம் பிடித்த போலீஸ் செலவைக் குடியானவன் தன் விரலால் கட்டியிருக்கிறான்.

அதன் பிறகுதான் 1859ல் 24ஆம் சட்டம் வந்தது. வருவாய்த்துறையிலிருந்து பிரிந்து, வில்லியம் ராபின்சன் தலைமையில் தனிப் போலீஸ் உருவானது. 1861ஆம் ஆண்டின் இந்தியப் போலீஸ் சட்டத்துக்கு இதுவும் ஒரு முன்மாதிரி.

தனிப் போலீஸ் வந்ததால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 1902-03ல் ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையிலான போலீஸ் கமிஷன் கான்ஸ்டபிள் சம்பளம் போதவில்லை என்று கண்டு, குறைந்தது மாதம் 8 ரூபாயாவது கொடுங்கள் என்றது. இந்தியா முழுக்கத் திரிந்து விசாரித்த ஒரு கமிஷனே அந்த 8 ரூபாய்க்காக வாதாட வேண்டியிருந்தது. சம்பளம் பற்றாத இடத்தில் மாமூல் முளைப்பது அதிசயம் இல்லை. அப்போது செலவு கடைக்காரன் தலையில் விழும்.

இன்றைக்கு விழுப்புரம் மாவட்டத்துக்குப் புதுச்சேரி எல்லை இருக்கிறது. சாராயக் கடத்தலைத் தடுக்கணும். தேசிய நெடுஞ்சாலை விபத்துகள், திருவிழா, தேர்தல் பந்தோபஸ்து, கோர்ட் வேலை எல்லாம் இருக்கின்றன. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் செத்தபோது, போலீஸ் என்ன செய்தது என்றுதான் எல்லாரும் கேட்டோம். நியாயமான கேள்வி. எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார்கள் என்று மட்டும் அவ்வளவாகக் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்று அரசாணை வந்ததே 2021ல்தான்.

ஆள் குறைவு தப்புக்குச் சாக்கு ஆகாது. 1855லும் ஆகவில்லை. நான் சொல்வது வேறு. காவலில் மிச்சம் பிடிக்கிற காசு மாயமாவதில்லை. ஒரு காலத்தில் சோழனின் சிம்மாசனம், இன்னொரு காலத்தில் குடியானவனின் விரல், இப்போது யாரோ ஒரு கான்ஸ்டபிளின் தூக்கம். பட்ஜெட்டில் வராத இந்தச் செலவையும் யாராவது எழுதி வைக்கணும் இல்லையா?

பஸ் வந்ததும் அந்தப் பெரியவர்தான் கைகாட்டி நிறுத்தினார். பழக்கம் விடவில்லை போல.