மூட்டைமுடிச்சும் கூண்டு வண்டியும்

ரயில் வருவதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்துக் குடும்பங்கள் தூரப் பயணத்துக்குக் கூண்டு வண்டியைத்தான் நம்பின. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். மாடு மணிக்கு நாலு கிலோமீட்டர் நடந்தாலே அதிகம். வெயில் ஏறுமுன் அவிழ்த்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மறுபடி பூட்டிப் போனால் இரண்டு மூன்று இரவாகும். சாத்தூர்ப் பக்கம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடி கடைசி வெள்ளியன்று பொங்கல் வைக்கக் கிளம்பினாலும், ஆற்று மணலில் தங்கிச் சமைத்துத் திரும்பும்வரை வேண்டியதெல்லாம் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

சாமான் ஏற்றுவதில் முதலில் பார்க்க வேண்டியது பாரம். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் மிஞ்சினால் பிடரி புண்ணாகிவிடும். ஆகவே அரிசி மூட்டை, பாத்திரச் சாக்கு போன்ற கனமான சாமான்கள் அச்சுக்கு நேர் மேலே போகும். அதன்மேல் வைக்கோலைப் பரப்பிச் சமுக்காளம் விரித்தால் உட்காரவும் படுக்கவும் மெத்தை தயார். மாட்டுக்குத் தீனியும் அதே வைக்கோல்தான். நாளாக ஆக மெத்தை மெலியும். திரும்பி வருகிறவர்களுக்கு வண்டிப் பலகை முதுகில் உறுத்தும்.

வண்டியின் அடிப்பக்கத்தையும் வீணாக்கவில்லை. தூளிபோல் சாக்கைக் கட்டி அதில் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, வாளி, தாம்புக்கயிறு வைத்தார்கள். அரிக்கேன் விளக்கும் அங்கேதான் தொங்கியது. காற்றில் அணையாது, பாதையும் தெரியும். அச்சுக்குப் போடும் மை, கருக்கிய வைக்கோலை விளக்கெண்ணெயில் குழைத்தது. அதை மூங்கில் குழாயில் அடைத்து வண்டியோடு கட்டினார்கள். அது இல்லாமல் கிளம்பிய வண்டி ஊர் எல்லை தாண்டுமுன்னே கிறீச்சிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் நாளுக்குக் கட்டுச்சோறு. புளிச்சோறு கெடாது என்பதால் அதற்கே முதலிடம். பிறகு மூன்று கல் கூட்டிச் சமையல். அடுப்பையும் விறகையும் யாரும் சுமந்து போகவில்லை.

எதை விட்டுச் செல்லலாம் என்பதைப் பாதைதான் தீர்மானித்தது. ராணி மங்கம்மாள் (1689–1706) காலத்துச் சாலைகளும் சத்திரங்களும் மதுரை நாட்டில் பயணிகளின் சுமையைக் குறைத்தன. அதற்கு முந்தைய திருமலை நாயக்கர் (1623–1659), ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலில் பூசை முடிந்த செய்தி மணியோசையாக மதுரைக்கு வந்து சேர்ந்த பிறகே உண்டார் என்றும், அதற்காக வழிநெடுக மண்டபங்கள் கட்டினார் என்றும் மரபு சொல்கிறது. அரசரின் விரதத்துக்காக எழுந்த மண்டபமானாலும் வழிப்போக்கனுக்கு நிழல் நிழல்தான்.

வண்டி வசதி இல்லாதவர்கள் தலைச்சுமையோடு நடந்தார்கள். தனியாகப் போகிறவர் சுமையை இறக்கிவிட்டால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்திய சுமைதாங்கி அந்தக் குறையைத் தீர்த்தது. கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்காத சுமைக்கு ஈடாக, அதை நட்டார்கள். வழியில் பிள்ளை வலி எடுத்துவிடுமோ என்ற அச்சம் அந்த மடவார் வளாகம் கோயிலின் தலபுராணத்திலும் இருக்கிறது: தாய்வீட்டுக்குப் புறப்பட்ட நிறைசூலிக்கு வழியில் வலி கண்டபோது சிவனே தாயாக வந்து பேறு பார்த்தார் என்பது கதை.

1876-இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை திறந்தபின் வண்டிப் பயணம் சாத்தூர், விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) நிலையங்கள்வரை எனச் சுருங்கியது. 1927-இல் விருதுநகர்–தென்காசிப் பாதை ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் வந்ததும் அந்தத் தேவையும் குறைந்தது. வைக்கோலும் வாளியும் வீட்டோடு நின்றன. டிரங்குப் பெட்டி, ஹோல்டால், கூஜா ஆகியவை பயணச் சாமான்களாயின. கோயில் பயணத்தில் மட்டும் பழைய முறை முழுதாக மறையவில்லை. இருக்கன்குடிக்குப் போகும் வேன்களில் இன்றும் பானை, அரிசி, பாய் ஏறுகின்றன. மூன்று கல்லுக்குப் பதிலாகப் பல குடும்பங்கள் கேஸ் அடுப்பைக் கொண்டு போகின்றன.