தீப்பொறியும் திருப்புளியும்: பினாங்கில் ஒரு கைத்தொழிலின் கதை

ஜார்ஜ் டவுன் தெருக்களில் 1906-ஆம் ஆண்டு முதல் ஓடிய மின்சார டிராம்களுக்கும், 1925-இல் வந்து 1961 வரை ஓடிய டிராலி பேருந்துகளுக்கும் தலைக்கு மேலிருந்த கம்பியே உயிர் தந்தது. கம்பியில் மின்சாரம் இருந்தால் வண்டி ஓடும், இல்லையேல் நிற்கும். பெட்ரோல் வண்டியோ அத்தகையதன்று. தனக்கு வேண்டிய மின்பொறியை அது தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பொறி தவறினால், தவறிய இடத்தை வண்டிக்குரியவரே தேடிக் காண வேண்டும். அந்தத் தேடல் இத்தீவில் பல்லாண்டுக் காலம் ஒரு கைத்தொழிலாகவே வாழ்ந்தது.

பொறியின் வரலாறு ஐரோப்பாவில் தொடங்குகிறது. ஜெர்மனியில் ராபர்ட் போஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்டு 1902-இல் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். சில ஆண்டுகளில் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங், பேட்டரியையும் காயிலையும் கொண்டு பொறி எழுப்பும் முறையைச் சீர்செய்தார். அம்முறையே பின்னர் உலகெங்கும் நிலைபெற்றது. லூக்காஸ் நிறுவனத்தின் மின்கருவிகளைத் தாங்கிய ஆஸ்டினும் மோரிஸும் மலாயாவுக்குக் கொண்டுவந்தது இந்த ஏற்பாட்டையே.

அதன் உள்ளம் மிக எளியது. காயிலில் 12 வோல்ட் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும்போது, 'பாயிண்ட்' என்னும் சிறு தொடுமுனை திறந்து அதை அறுக்கிறது. அறுந்த கணத்தில் காயிலின் மறுபுறத்தில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து, பிளக்கின் இடைவெளியைத் தாவுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் இது நொடிக்கு 100 தடவை நிகழ வேண்டும். தொடுமுனை விரியும் இடைவெளியோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு! இவ்வளவு மெல்லிய ஒன்றை நம்பியே குடும்பங்கள் பட்டர்வொர்த் படகுத்துறைக்குப் புறப்பட்டன.

பினாங்கின் காற்று ஈரமும் உப்பும் கலந்தது. இரவெல்லாம் மழை பெய்த பின் விடியற்காலையில் கிளம்ப மறுக்கும் காடியில், முதல் ஐயம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மீதே விழும். உட்புறம் படிந்த ஈரத்தைத் துணியால் துடைத்தாலே பாதி நோய் தீர்ந்துவிடும். தீராவிட்டால் அடுத்த சோதனை. காயிலிலிருந்து வரும் தடித்த கம்பியை எஞ்சின் உடலுக்கு அருகில் பிடித்துச் சுழற்றினால், நீலப்பொறி பாய வேண்டும். பாய்ந்தால் குற்றம் அதற்கு அப்பால், பாயாவிட்டால் இப்பால். மஞ்சளாய் மெலிந்து வந்தால் கண்டென்சரையும் பாயிண்டையும் பார்க்க வேண்டும். பாயிண்டின் முகம் கருகிக் குழிந்திருந்தால் கண்டென்சர் கெட்டது என்பது பட்டறை வழக்கு. பிளக்கைக் கழற்றினால் அதன் நிறமே சாட்சி சொல்லும்: இளம்பழுப்பு நலம், கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்தால் சூடு மிகுதி, நனைந்திருந்தால் பொறியே வரவில்லை. வைத்தியர் நாடி பிடிப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

இதற்கு வேண்டிய கருவிகளும் சிலவே. ஒரு திருப்புளி, ஒரு துண்டு உப்புத்தாள், இரு கம்பிகள் பற்றவைத்த 12 வோல்ட் பல்பு. இடைவெளி அளக்கும் தகடு இல்லாதவர்க்குத் தடித்த அட்டைத் துண்டே அளவுகோல். கடைவீட்டின் அஞ்சடியே பட்டறை.

இக்கைத்திறனுக்குக் கடுஞ்சோதனை போர்க்காலத்தில் வந்தது. 1941 டிசம்பர் 11-இல் ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்தது. 19-ஆம் நாள் ஜப்பானியர் தீவினுள் நுழைந்தனர். இங்கிலாந்து உறுப்புகள் வருவது நின்றது, பெட்ரோல் அரிதாயிற்று. மலாயாவில் வண்டிகள் கரிவாயுவில் ஓடத் தொடங்கின. கரிவாயு பெட்ரோலைவிட மெல்ல எரிவது. ஆகவே பொறி சற்று முன்னதாகவே விழ வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்தாலன்றி வண்டிக்கு வலு வாராது. எந்த நூலும் கையில் இன்றி, காதால் கேட்டே அந்நேரத்தை நிறுத்தக் கற்றவர்கள் எளியவர்கள் அல்லர் என்பது என் கருத்து.

தமிழகத்தில் இத்தகைய கற்றலுக்குக் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) பெயர்பெற்றார். மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தே இயந்திரம் கற்ற அவர், 1920-இல் ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கினார். நம் தீவின் 'போமேன்'களுக்கோ பெயர் எதுவும் எழுதப்படவில்லை. 'ஃபோர்மேன்' என்னும் ஆங்கிலச் சொல் மலாய் வழக்கில் திரிந்து, மெக்கானிக் எவரையும் குறிக்கும் சொல்லாயிற்று. அத்தொழிலாளர்க்குக் கிட்டிய ஒரே கல்வெட்டு அச்சொல்தான்.

1969-இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுக நிலையை இழந்தது, வேலையின்மை பெருகியது. முதலமைச்சர் லிம் சோங் இயூவின் ஆட்சியில் 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் எழுந்தது. முதலில் வந்த எட்டு நிறுவனங்களுள் இன்டெல், நேஷனல் செமிகண்டக்டர் ஆகியவற்றோடு போஷும் ஹிட்டாச்சியும் இருந்தன. போஷ் மேக்னெட்டோவின் பெயர். ஹிட்டாச்சியோ டாட்சன் காடிகளின் டிஸ்ட்ரிபியூட்டரில் பொறித்திருந்த பெயர். வந்த தொழிற்கூடங்கள் மலாய், சீன, தமிழ் இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தன. நுண்ணோக்கியின் கீழ் மயிரிழைக் கம்பிகளைச் சில்லுகளில் இணைப்பது அவர்கள் பணி.

அதே ஆண்டுகளில்தான் கார்களிலிருந்து பாயிண்ட் மறையலாயிற்று. அமெரிக்காவில் கிரைஸ்லர் தன் 1973-ஆம் ஆண்டுக் கார்கள் அனைத்திலும் மின்னணு முறையைப் பொருத்தியது. 1979-இல் போஷின் மோட்ரானிக் அமைப்பு, பொறியையும் எரிபொருளையும் ஒரே கணிப்பொறியின் கீழ்க் கொண்டுவந்தது. தந்தை வாசலில் பாயிண்ட் தீட்டிக்கொண்டிருக்க, அத்திறனை வேண்டாததாக்கும் பொருளின் இனத்தை மகள் பாயான் லெப்பாஸில் இணைத்துக்கொண்டிருந்த வீடுகள் இங்கே இருந்திருக்கலாம். அவள் கொணர்ந்த சம்பளம் அவ்வீட்டை நிமிர்த்தியது என்பதையும் மறுத்தல் கூடாது. தேய்வதற்கு முனையில்லாத பொறி நம்பத்தக்கது, புகையும் குறைவு. ஆயினும் பழைய காரைத் தானே பேணி ஓட்டிய ஏழைத் தொழிலாளிக்கு அந்த இரண்டு கம்பிப் பல்பு தந்த தன்னுரிமையை, குறிகாட்டும் கருவி வைத்திருப்பவரிடம் பணம் கொடுத்துத்தான் இன்று பெற வேண்டியுள்ளது.

1985-இல் பாலம் திறந்தது. 2021 தொடக்கத்தில் படகுகள் கார் ஏற்றுவதும் நின்றது. பழைய மோரிஸ் மைனர்களைப் பேணுவோர் மட்டும் இன்னும் அந்த மூடியைத் திறக்கிறார்கள். அவர்களிலும் சிலர் பாயிண்டை எடுத்துவிட்டு, அவ்விடத்திலேயே கட்டைவிரல் அளவு மின்னணுத் துண்டு ஒன்றைப் பொருத்திக்கொள்கின்றனர். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது.