கொடையாளர் உரிமையும் அறிஞர் உரிமையும்: ஜொகூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பொருளின்றிப் பல்கலைக்கழகம் இயங்க இயலாது. அரசு வழங்கும் நிதி போதாதவிடத்துத் தனியார் கொடையை நாடுதல் உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். கொடுத்தவரின் விருப்பம் கல்விக்கூடத்திற்குள் எவ்வெல்லை வரை செல்லலாம் என்னும் வினா அவ்விடத்தில்தான் எழுகின்றது. ஜொகூரோடும் அதன் அண்டைப் பகுதியோடும் தமிழ்க் கல்வியோடும் தொடர்புடைய சில நிகழ்வுகளின் துணைகொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜொகூருக்கு வாராத பல்கலைக்கழகம்

மலாயாவில் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவுவது குறித்து ஆராய 1947ஆம் ஆண்டில் கார்-சாண்டர்ஸ் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் நிலையான இடமாக அக்குழு பரிந்துரைத்தது ஜொகூர் பாருவையே. எனினும், அப்பரிந்துரை நிறைவேறவில்லை. 1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகம் பின்னர்க் கோலாலம்பூரில் நிலைகொண்டது.

கட்டடம் ஜொகூருக்கு வாராவிடினும், கொடை கேட்டு எழுந்த குரல் இங்கும் எட்டியது. சிங்கப்பூரில் 1935ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ‘தமிழ் முரசு’ நாளிதழ் பாலத்தைக் கடந்து தோட்டப்புறங்களிலும் வாசிக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையைத் தொடங்கும் முயற்சி நடைபெற்றபோது வடமொழிக்கு முதலிடம் தரும் கருத்து தலைதூக்கியது. அதனை எதிர்த்து அவ்விதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்தோடு நிதி திரட்டினார். பால்மரம் சீவிய தொழிலாளரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். 1956ஆம் ஆண்டில் தோன்றிய துறையில் தமிழ் முதன்மை பெற்றது. திரண்ட நிதி தமிழ் நூல்கள் சேர்வதற்கு உதவியது.

இந்நிகழ்வை நாம் பெருமையோடு நினைவுகூர்கின்றோம். ஆயினும், இதுவும் கொடையாளர் செல்வாக்கே என்பதை மறைத்தல் நேர்மையாகாது. பல்கலைக்கழகம் எம்மொழியைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதில் வெளியார் தலையிட்டனர், வெற்றியும் பெற்றனர். நமக்கு உவப்பான செல்வாக்கைத் தொண்டு என்றும் உவப்பற்றதைத் தலையீடு என்றும் கூறுவோமாயின் நம் அளவுகோலே பிழைபடும்.

எனவே, வேறுபாடு எங்குள்ளது எனக் காண வேண்டும். கொடுத்தோர் கேட்டது ஒரு துறைக்கான இடத்தை மட்டுமே. 1961ஆம் ஆண்டில் தனிநாயக அடிகளாரைத் துறைக்குத் தலைவராக்கியது பல்கலைக்கழகமே ஆகும். 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியபோது தமிழரல்லாத அயல்நாட்டு அறிஞரும் தம் முடிவுகளை அங்கு முன்வைத்தனர்.

நன்யாங்கும் அண்ணாமலையும்

இதே காலத்தில் சிங்கப்பூரில் வேறொரு நிகழ்வு அரங்கேறியது. இரப்பர் வணிகர் டான் லார்க் சை 1953ஆம் ஆண்டில் நன்யாங் பல்கலைக்கழகத்திற்கு 50 இலட்சம் வெள்ளி அளிப்பதாக அறிவித்தார். மூவுருளி மிதிவண்டி (ட்ரைஷா) ஓட்டியோரும் தம் ஒருநாள் ஊதியத்தை ஈந்தனர். முதல் வேந்தராக அழைக்கப்பட்ட எழுத்தாளர் லின் யூடாங் வரவு செலவுத் திட்டத்திலும் நிருவாகத்திலும் முழு அதிகாரம் வேண்டினார். பொருள் ஈந்தோர் அவர் திட்டத்தை ஊதாரித்தனம் எனக் கருதினர். 1955ஆம் ஆண்டு ஏப்ரலில், வகுப்புகள் தொடங்குமுன்னரே, அவர் விலகினார். கொடுத்தோர் பலராயினும் குழுவில் ஒலித்தது பெருங்கொடையாளர் சிலரின் குரலே. ஆதலின், சிறுகொடைகளின் எண்ணிக்கை மட்டுமே காப்பாகாது என்பது புலனாகின்றது.

சட்டம் காக்குமா எனின், அதற்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் விடை தருகின்றது. மலாயாவில் வணிகம் நடத்திய செட்டிநாட்டு மரபினரான ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 20 இலட்சம் ரூபாய் வழங்க, 1929ஆம் ஆண்டில் அது தோன்றியது. தமிழுக்கும் தமிழிசைக்கும் அது ஆற்றிய பணி மிகப் பெரிது. தனிநாயக அடிகளார் தமிழ் பயின்றதும் அங்கேயே. ஆயினும், இணைவேந்தர் பதவி நிறுவனர் குடும்பத்திற்கு வழிவழியாக உரியது எனவும், துணைவேந்தர் பதவிக்குரிய பெயர்ப்பட்டியலை நிறுவனரே அளிப்பர் எனவும் சட்டம் வகுத்திருந்தது. ஒரு தலைமுறையின் ஈகை அடுத்தடுத்த தலைமுறைகளின் அதிகாரமாயிற்று. கடும் நிதி நெருக்கடிக்குப் பின் 2013ஆம் ஆண்டில் தமிழக அரசு புதுச்சட்டம் இயற்றி அதனைத் தன் பொறுப்பில் கொண்டது. கொடையாளரின் பிடி நீங்கிய இடத்தில் அரசின் பிடி அமைந்தது. அரசும் ஒருவகைக் கொடையாளரே என்பதை ஈண்டு மறத்தலாகாது.

முடிவுரை

ஜொகூரில் இவ்வினா இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. சீனச் சமூகத்தின் நன்கொடையால் 1990ஆம் ஆண்டில் தோன்றிய சதர்ன் கல்லூரி 2012இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்து ஸ்கூடாயில் இயங்கி வருகின்றது. உலகத் தமிழரும் இன்று கொடையாளராகியுள்ளனர். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குரிய 60 இலட்சம் அமெரிக்க டாலர் 2018இல் திரண்டது.

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து நாம் பெறும் முடிவு இதுவே: எத்துறை வளர வேண்டும் எனக் கேட்கும் உரிமை கொடையாளருக்கு உண்டு. யார் கற்பிப்பது, எதனை ஆராய்வது, என்ன முடிவுக்கு வருவது ஆகியவை அறிஞருக்கே உரியன. இவ்வெல்லையைக் கொடை பெறும் நாளிலேயே எழுத்தில் வரையறுத்தல் வேண்டும். பணம் கைமாறிய பின் அதனைப் பேசுதல் அரிது. தமிழ் மீது கொண்ட பற்றினால் கொடுப்போர்க்கு இது சற்றுக் கசக்கக்கூடும். தம் கொடையால் அமர்ந்த பேராசிரியர் தமக்கு உவப்பற்ற முடிவை வெளியிடும் நாளும் வரலாம். அந்நாளில் அமைதி காப்பதும் கொடையின் ஒரு பகுதியே என நாம் கருதுகின்றோம். தோட்டப்புறத்தில் வெள்ளி கொடுத்த தொழிலாளி, அப்பணத்தில் வாங்கிய நூலில் என்ன எழுதப்பட வேண்டும் எனக் கேட்டாரல்லர்.