கொடி காய்ந்தால் கிழங்கு

இத்தாலியின் ஆல்பா ஊரில் வெள்ளை டிரஃபிள் காளானுக்கு அக்டோபரிலிருந்து ஆண்டு முடியும்வரை பருவம். பிரான்சின் பெரிகோர் பகுதியில் கறுப்பு டிரஃபிளுக்கு டிசம்பர் பிறக்க வேண்டும். மண்ணுக்குள் மறைந்திருப்பதைக் காட்டிக்கொடுக்க நாயின் மூக்கு தேவை. ராஜபாளையத்தில் பேர்பெற்ற வேட்டைநாய் உண்டு, டிரஃபிள்தான் இல்லை.

ஆனால் ஊருக்கு மேற்கே உள்ள மலையில் மண்ணுக்குள் தேடிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். பளியர் பழங்குடியினர். அவர்கள் தேடியது காட்டு வள்ளிக்கிழங்கு.

அதற்கு நாய் வேண்டாம், கண் போதும். இந்தச் சரிவுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மழைக்குத் துளிர்க்கும் கொடி பழைய கிழங்கை உறிஞ்சித்தான் வளரும்; அந்நேரம் தோண்டினால் நாரும் தோலுமே மிஞ்சும். மழை ஓய்ந்து இலை பழுத்துக் கொடி காய்ந்த பிறகே புதுக்கிழங்கில் மாவு நிறையும். காய்ந்த கொடியைப் பற்றிக்கொண்டே போய், அது மண்ணில் இறங்கும் இடத்தில் தோண்டுவார்கள். சில வகை மூன்று நான்கு அடி ஆழத்துக்கு நேராக இறங்கியிருக்கும். பாறை இடுக்கில் சிக்கினால் பாதி நாள் போய்விடும். காய்வள்ளிக்கு இந்தப் பாடில்லை, கொடியிலேயே காய்க்கும். கசப்பதை மட்டும் பலமுறை வேகவைத்து நீரை வடித்துக் கொட்ட வேண்டும்.

இது இன்று நேற்று வந்த உணவல்ல. பாரியின் பறம்புமலையில் உழாமலே கிடைப்பவை நான்கு என்று புறநானூற்றின் 109ஆம் பாடலில் கபிலர் கணக்குச் சொல்கிறார்: மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். முருகனை மணந்த வள்ளி பிறந்ததே கிழங்கு அகழ்ந்த குழியில் என்பது கதை.

1960களின் தொடக்கத்தில் பளியர்களிடையே தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், காட்டில் அவர்களின் முதன்மை உணவு இந்த வள்ளிதான் என்று எழுதினார். அதே ஆட்கள் கூலிவேலைக்கும் இறங்கி வருவார்கள். பிடிக்கவில்லையென்றால் காட்டுக்கே திரும்பிவிடுவார்கள். கிழங்கு இருந்த வரைக்கும்தான் அந்தச் சுதந்திரம்.

1988இல் இந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயமானது. 2021இல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமானது. அணிலையும் புலியையும் காக்க வேண்டியதுதான். ஆனால் கிழங்கு தோண்டுகிறவரையும் மரம் வெட்டுகிறவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது நியாயமில்லை. இதற்கிடையே ரேஷன் அரிசியும் வந்தது. அடுப்பில் சோறு பொங்கும்போது நாலடிக் குழி தோண்ட இளவட்டங்களுக்கு என்ன அவசரம்?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலைப் பட்டியலிடும்போது மூங்கில், தேன், மெழுகோடு கிழங்கையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பிலோ அய்யனார் கோயில் பக்கமோ கிழங்குக் கூடையோடு வரும் பளியரை யாராவது மறித்தால், எடுத்துக்காட்ட வேண்டியது அந்தச் சட்டத்தைத்தான்.