கொள்ளையடிக்க வந்தவர்கள் ஏர் பிடித்த கதை

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டவர்கள், இன்ஜினியர் என்பதால் பாலம், கான்கிரீட் என்று எதையாவது எழுதித் தருவேன் என நினைத்திருக்கலாம். பிழைப்பு என்னவோ அதுதான். ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கையில் எடுப்பது சரித்திரப் புத்தகம். அதனால் இந்த முறை வைக்கிங்குகள்.

வைக்கிங் என்றதும் கொம்பு வைத்த தலைக்கவசம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கொம்பு 19-ஆம் நூற்றாண்டின் மேடை நாடகங்களில் முளைத்தது. அவர்களுடைய நிஜமான பலம் கப்பல். 1880-ல் நார்வேயில் தோண்டி எடுத்த கோக்ஸ்டாட் கப்பலைப் பாருங்கள். நீளம் சுமார் 23 மீட்டர், 32 துடுப்புகள். ஓக் பலகைகளை ஒன்றன் விளிம்பின் மேல் ஒன்று படிய வைத்து இரும்பு ரிவெட் அடித்திருக்கிறார்கள். மிதக்க ஒரு மீட்டர் தண்ணீர் போதும். கடலைத் தாண்டி வந்த அதே கப்பல் ஆற்றுக்குள்ளும் நுழையும். துறைமுகமே வேண்டாம், மணலில் ஏற்றி நிறுத்திக்கொள்ளலாம்.

கி.பி. 793 ஜூன் மாதம் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடாலயத்தில் அவர்கள் புகுந்தார்கள். துறவிகளில் சிலரை வெட்டினார்கள், சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பொன்னையும் வெள்ளியையும் அள்ளினார்கள். அடுத்த எழுபது வருஷம் இதே கதைதான். வருவது, அடிப்பது, போவது.

865-ல் கதை மாறியது. இந்தத் தடவை வந்த பெரும்படை திரும்பிப் போகவில்லை. அன்றைய இங்கிலாந்து ஒரே நாடும் அல்ல. நான்கு ஆங்கிலோ-சாக்ஸன் அரசுகள். 866-ல் நார்தம்பிரியாவின் யார்க் நகரம் விழுந்தது. 869-ல் கிழக்கு ஆங்கிலியாவின் மன்னர் எட்மண்ட் கொல்லப்பட்டார். 874-ல் மெர்சியா மன்னர் நாட்டை விட்டே ஓடினார். மிச்சம் வெஸ்ஸெக்ஸ் ஒன்றுதான். அதன் மன்னர் ஆல்ஃபிரட்.

878 ஜனவரியில், குளிரில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்றிருந்த நேரத்தில், டேனியத் தலைவன் குத்ரும் சிப்பன்ஹாமைப் பிடித்துவிட்டான். ஆல்ஃபிரட் கொஞ்சம் பேருடன் சதுப்பு நிலத்துக்குள் ஒளிந்தார். மே மாதம் படை திரட்டி எடிங்டனில் ஜெயித்தார். தோற்றவனைக் கொல்லவில்லை. அவனுக்கு ஞானஸ்நானம் செய்வித்துத் தானே ஞானத்தந்தை ஆனார்.

நல்ல மனசு இருந்தால் போதுமா? சுவரும் வேண்டுமே. நாடு முழுக்கக் கோட்டை ஊர்கள் கட்டினார். ஆல்ஃபிரட்டின் மகன் காலத்துப் பட்டியல் ஒன்று அவற்றின் கணக்கைத் தருகிறது. ஹைடு என்பது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம். ஹைடுக்கு ஒரு ஆள். ஐந்தரை கெஜம் சுவருக்கு நாலு ஆள். வின்செஸ்டருக்கு 2400 ஹைடு. போட்டுப் பாருங்கள், 9900 அடி வரும். அங்குள்ள பழைய சுவரை அளந்தால் 9954 அடி! ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. நம்ம சர்வே வகுப்பில் இதற்கு முழு மார்க் கிடைத்திருக்கும்.

சண்டைக்கு நடுவிலேயே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 876-ல் ஹாஃப்டன் என்ற தலைவன் நார்தம்பிரியா நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டான். அவர்கள் உழ ஆரம்பித்தார்கள். 880-ல் குத்ருமின் ஆட்களும் கிழக்கு ஆங்கிலியாவில் அப்படியே. கோடரி பிடித்த கை ஏர் பிடித்தது. டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று 'பி'யில் முடியும் ஊர்ப்பெயர்கள் அவர்கள் வைத்தவை. 'பி' என்றால் ஊர், பண்ணை.

ஆல்ஃபிரட்டும் குத்ருமும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இன்றைக்கும் இருக்கிறது. முதலில் எல்லைக்கோடு: தேம்ஸ் ஆறு, லீ ஆறு என்று போகிறது. இரண்டாவதுதான் முக்கியம். கொல்லப்பட்டவன் ஆங்கிலேயன் ஆனாலும் டேனியன் ஆனாலும் உயிருக்கு ஒரே ஈட்டுத்தொகை. நேற்றுவரை வெட்டிக்கொண்டவர்கள் அப்படி எழுதி வைத்தார்கள்.

இரண்டு மொழிகளும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி; ஓரளவு புரியும். சந்தையில் பேசினார்கள், பெண் கொடுத்து எடுத்தார்கள். எக், ஸ்கை, நைஃப், லா, ஹஸ்பெண்ட், விண்டோ எல்லாம் அவர்கள் தந்த சொற்கள். விண்டோ என்றால் 'காற்றின் கண்'. 'அவர்கள்' என்று சொல்கிற 'தே'கூட அவர்களுடையதுதான். பொருளின் பெயரை எந்த மொழியும் கடன் வாங்கும். 'அவர்கள்' என்ற சொல்லையே வாங்க வேண்டுமென்றால் ஒரே அடுப்பங்கரையில் பழகியிருக்க வேண்டும்.

இதை உடைத்தது ஒரு ராஜ உத்தரவு. 980-களிலிருந்து புதிய படைகள் வந்தன. மன்னர் எதெல்ரெட் வெள்ளியாகக் கொட்டிக் கொடுத்தும் தீரவில்லை. பயந்துபோய், 1002 நவம்பர் 13-ல் இங்கிலாந்திலுள்ள டேனியர்களைக் கொல்லச் சொன்னார். ஆக்ஸ்ஃபோர்டில் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தவர்களைக் கட்டிடத்தோடு எரித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த ஆலயத்துக்குக் கொடுத்த சாசனத்தில் மன்னரே இதைச் சொல்கிறார், வருத்தமில்லாமல். 2008-ல் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி வளாகத்தில் 30-க்கு மேற்பட்ட ஆண்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. பெரும்பாலும் இளவட்டங்கள். அன்று இறந்தவர்களாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களில் பலரின் கருத்து.

பலன் என்ன? 1013-ல் டென்மார்க் மன்னர் ஸ்வெய்ன் படையோடு வந்தார், எதெல்ரெட் நார்மண்டிக்கு ஓடினார். 1016-ல் ஸ்வெய்னின் மகன் கன்யூட் இங்கிலாந்துக்கே ராஜா. சுவரும் ஒப்பந்தமும் காப்பாற்றிய நாட்டை ஒரு நாள் வெறி காப்பாற்றவில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. லிண்டிஸ்ஃபார்ன் தேதி பரீட்சைக்கு உதவும், சரி. அதோடு 876-ஐயும் ஞாபகம் வையுங்கள். அது ஒரு படை பயிர் வைக்க உட்கார்ந்த வருஷம். நீங்கள் இங்கிலீஷில் 'தே' என்று எழுதும்போதெல்லாம் அந்த வயல்காட்டில்தான் நிற்கிறீர்கள்.